பொட்டு வைத்த விளையாட்டு மெசின்

1

“2024 ஒக்ரோபர் 15, செவ்வாய். காலையில் மழை, பிறகு காற்று. பத்மன் கடைக்கு மாகாண அரசாங்கத்தின் பரிசோதகர் ஒருவர் வந்து போனார். விளையாட்டு மெசினைப் படம் எடுத்தார். அதில் வைத்திருந்த பொட்டைக் கிட்டப் போய் இன்னொரு படம் எடுத்தார்.”

அன்றைய நாட்குறிப்பில் இவ்வளவுதான் இருக்கிறது. மொன்றியலுக்கு வந்த நாளிலிருந்து தினமும் இரண்டு மூன்று வரி எழுதுவது என் வழக்கம். பெரும்பாலும் காலநிலை, யார் வந்தார்கள், எந்தச் சாமான் விலை ஏறியது என்பதோடு முடிந்துவிடும். அந்த இரண்டாவது படத்துக்கு ஒரு அர்த்தம் இருக்கும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

இன்றோடு அதற்கு ஒரு வருடம். போன கிழமை யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு நண்பர் தொலைபேசியில், “கனடாவிலை சாமி கும்பிட்டதுக்குக் கடையைப் பூட்டப் பாத்தவங்களாம், உண்மையே?” என்று கேட்டார். உண்மையில்லை. ஆனால் முழுப் பொய்யும் இல்லை. கதை கடல் தாண்டும்போது எப்படி உருமாறும் என்பது எனக்குத் தெரியும். அதனால் ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

பத்மனும் அவர் மனைவி யோகமும் மொன்றியலின் லாசால் பகுதியில் ஒரு டெப்பனர் நடத்துகிறார்கள். டெப்பனர் என்றால் இந்த நகரத்தின் மூலைக்கடை. பால், பாண், சிகரெட், அரசாங்க லொத்தர், எல்லாவற்றுக்கும் மேலாக பியர். பியர் விற்க மாகாணத்தின் அனுமதி வேண்டும். பக்கத்து அடுக்குமாடிகளில் இருப்பவர்கள் வேலை முடிந்து வரும்போது பியருக்காகத்தான் கதவைத் திறக்கிறார்கள். திறந்த கையோடு மற்றதையும் வாங்குகிறார்கள். அந்த அனுமதி போனால் கடையில் மிஞ்சுவது குளிர்பெட்டிகளின் சத்தம் மட்டும்தான்.

நான் அதே தெருவில் மூன்றாம் மாடியில் இருக்கிறேன். பெட்டி செய்யும் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, காலைக் கோப்பி குடிப்பது பத்மன் கடையில்தான்.

2

அந்த மெசின் வந்தது முந்தைய வசந்தத்தில். ஒரு கம்பனி ஆள் கொண்டுவந்து, கோப்பி மெசினுக்கும் ஜன்னலுக்கும் நடுவே நிறுத்தினார். ஆளுயரத் திரை. காசு போட்டால் ஒன்பது கட்டங்களில் படங்கள் வரும். ஒரு படத்தை நீங்கள் மாற்றலாம். சரியான இடத்தில் மாற்றினால் மூன்று ஒரே வரிசையில் அமையும். தோற்றால் இன்னொரு வாய்ப்பு: வண்ண வட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மின்னும், அதே வரிசையில் நீங்கள் தொட வேண்டும். வென்றால் ஒரு சீட்டு வரும். அந்தச் சீட்டுக்குக் கடையில் சாமான் வாங்கலாம்.

“இது அதிர்ஷ்டமில்லை, திறமை” என்றார் கம்பனி ஆள். “அதனால் சூதாட்டச் சட்டம் இதைத் தொடாது.”

நான் விளங்கிக்கொண்டது இது. இங்கே அதிர்ஷ்ட விளையாட்டை நடத்தும் உரிமை அரசாங்கத்துக்குத்தான். மதுச்சாலைகளில் நிற்கும் அதன் மெசின்களின் வருமானம் பொதுக் கணக்குக்குப் போகிறது. முழுக்கத் திறமையால் வெல்லும் விளையாட்டு என்றால் அது பொழுதுபோக்கு. வேறு அனுமதி, வேறு வரி. இரண்டும் கலந்திருந்தால்தான் வில்லங்கம். இந்த மெசின்களை என்ன செய்வது என்று எல்லைக்குத் தெற்கே அமெரிக்காவிலும் சண்டை பிடிக்கிறார்கள். சில மாநிலங்களில் தடை செய் என்கிறார்கள், சிலவற்றில் வரி போடு என்கிறார்கள். ஒரே மெசின் ஒரு ஊரில் குற்றம், இன்னொரு ஊரில் வருமானம்.

பத்மனுக்கு இதில் ஒரு தெளிவான கட்சி இருந்தது. “வரி கேட்டால் குடுப்பன் அண்ணை. கேக்கிறாங்களில்லையே! வரி எடுத்தாங்களெண்டால் நான் கள்ளனில்லை எண்டு அர்த்தம்.”

சிரிக்க வேண்டாம். அகதியாக வந்தவனுக்கு இது பெரிய விஷயம். என் பெயர் சரியான எழுத்துக்களோடு இந்த நாட்டில் முதன்முதலாக அச்சடித்து வந்தது வருமான வரித் திணைக்களத்தின் கடிதத்தில்தான். ஊரிலும் அப்படித்தான். சைக்கிளுக்குக் கிராமசபையில் வரி கட்டி வாங்கும் தகரத் துண்டு ஒன்று இருந்தது. ஒவ்வொரு வருடமும் புதுசு. அதைச் சைக்கிளில் பூட்டியவன் சந்தியில் நிற்கும் பொலிஸ்காரரைத் தலை நிமிர்ந்து கடந்து போவான். பூட்டாதவன் இறங்கி உருட்டிக்கொண்டு ஒழுங்கைக்குள் திரும்புவான். அந்தத் தகரம் சைக்கிளை வேகமாக ஓட்டவில்லை. ஆனால் ஓட்டியவனுக்கு நிம்மதி தந்தது.

3

இப்போது பொட்டு.

நவராத்திரியின் ஒன்பதாம் நாள் ஆயுத பூசை. அது ஒரு வெள்ளிக்கிழமை. கடையை முழுநாள் பூட்ட முடியாது. அதனால் யோகம் விடியக் கடை திறக்க முன்னரே வந்து எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். காசு மெசின், கோப்பி மெசின், சீஸ் வெட்டும் மெசின், விலை ஒட்டும் துவக்கு, கதவு மணி. அரசாங்கத்தின் லொத்தர் மெசினுக்கும் ஒன்று. விளையாட்டு மெசினுக்குத் திரைக்கு மேலே ஒரு பெரிய பொட்டும், காலடியில் ஒரு தேசிக்காயும்.

ஆயுத பூசையன்று ஆயுதத்தைத் தொடக் கூடாது என்பது வழக்கம். நான் யாழ்ப்பாணத்தில் அச்சகம் ஒன்றில் வேலை செய்தேன். அன்று அச்சு இயந்திரத்தைத் துடைத்துப் பொட்டு வைத்தால் மறுநாள் காலை பூசை முடியும்வரை ஒரு எழுத்தும் அடிக்க மாட்டோம். யாராவது கலியாண அழைப்பிதழ் அவசரம் என்று வந்து நின்றாலும் முதலாளி கையைக் கட்டிக்கொண்டு, “மெசின் இண்டைக்கு லீவு” என்பார். கருவிக்கும் ஒரு நாள் ஓய்வு. அவ்வளவுதான் அதன் பொருள்.

டெப்பனரில் எதையெல்லாம் நிறுத்தலாம்? காசு மெசினை நிறுத்த முடியாது. கோப்பியை நிறுத்தினால் சண்டை வரும். லொத்தர் மெசினை நிறுத்த ஒப்பந்தம் விடாது. விளையாட்டு மெசின் ஒன்றுதான் நிறுத்தக்கூடியது. பத்மன் அதன் பிளக்கைப் பிடுங்கிவிட்டார்.

பத்து மணிபோல ஜில் வந்தார். முன்பு நகர பஸ் ஓட்டிய பெரிய மனிதர், வெள்ளைத் தாடி. காலையில் ஒரு கோப்பியும் மெசினில் அரை மணி நேரமும் அவருடைய ஒழுங்கு.

“ஏன் இது செத்துக் கிடக்கிறது, பத்?” என்று பிரெஞ்சில் கேட்டார்.

“இன்று விடுமுறை.”

“கடைக்கா?”

“மெசினுக்கு.”

ஜில் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். “முப்பது வருடம் பஸ் ஓட்டினேன், என் பஸ்ஸுக்கு ஒருவரும் விடுமுறை கொடுக்கவில்லை” என்று முணுமுணுத்துவிட்டுக் கோபத்தோடு போனார்.

சனிக்கிழமை மெசின் திரும்ப ஓடியது. பொட்டை யோகம் துடைக்கவில்லை. தானாக உதிரும்வரை விடுவதுதான் எங்கள் வழக்கம். அந்தப் பொட்டைத் தொட்டுவிட்டு விளையாடிய ஜில்லுக்கு அன்று சீட்டு வந்தது. அதோடு பிடித்தது வினை. திங்கட்கிழமை வந்த மூன்று பேர் விளையாட முன்னர் பொட்டைத் தொட்டார்கள். ஒருவர் லொத்தர் சீட்டைக் கொண்டுபோய் அதில் தேய்த்தார். யோகத்துக்குச் சிரிப்பு. “கோயிலிலை நிக்கிற ஆக்களை விட இவைக்குத்தான் பத்தி கூட.”

செவ்வாய்க்கிழமை பரிசோதகர் வந்தார். இளைஞர், மரியாதையானவர். ஜில் அவருக்கு உற்சாகமாக விளக்கினார்: சிவப்பு வட்டத்தைத் தொட்டால் அதிர்ஷ்டம் வரும், இந்தியாவின் பழைய முறை. எங்களை எப்போதும் இந்தியா என்றுதான் சொல்வார். பரிசோதகர் பத்மனைப் பார்த்து, இது அதிர்ஷ்டத்துக்காக வைத்ததா என்று கேட்டார்.

பத்மன் பிரெஞ்சில் ஓம் போட்டார்: “வூய், வூய்.”

4

ஆண்டு இறுதியில் தபால்காரர் வேலைநிறுத்தம். அது முடிந்து, தேங்கிக் கிடந்தவற்றோடு மாகாண அரசாங்கத்தின் கடிதம் ஜனவரியில் வந்தது. கம்பனிக்காரருக்குத் தனியாக ஒன்று போயிருந்தது. பத்மனுக்கு வந்தது பியர் அனுமதி பற்றியது. அனுமதி பெற்ற இடத்தில் அதிர்ஷ்ட விளையாட்டு நடத்தியதாகவும், வெற்றி கிடைக்கும் என்ற நம்பிக்கையை வாடிக்கையாளரிடம் ஊட்டியதாகவும் சந்தேகம். ஏப்ரலில் விசாரணை. அனுமதியை நிறுத்தி வைக்கலாம், பறிக்கவும் செய்யலாம்.

முந்தைய கோடையில்தான் கடையின் குத்தகையை ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்திருந்தார்கள். யோகம் கடிதத்தைக் கையில் வாங்கவில்லை. பியர்ப் பெட்டிகளை ஒன்றுக்கு மேல் ஒன்றாகச் சும்மா அடுக்கிக்கொண்டிருந்தார்.

மகள் நிரோஷா அன்றே வந்தாள். புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சிய நிறுவனத்தின் அலுவலகத்தில் வேலை, நகரின் மேற்கு ஓரத்தில் இல்-பிசாரில் வீடு. அங்கே போனபின் மாதத்துக்கு ஒருமுறைதான் கடைப்பக்கம் வருவாள். வந்தாலும் கார் என்ஜினை நிறுத்தாமல் நிற்பாள் என்று யோகம் குறைப்படுவதுண்டு. பிரெஞ்சு அவளுக்குத் தண்ணீர் மாதிரி. தமிழைத் தேடித்தான் எடுக்க வேண்டும்.

“அப்பா, அந்த ஆள் கேட்டதுக்கு நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

“ஓமெண்டு சொன்னன்.”

“எதுக்கு ஓம்?”

“கேட்டதுக்கு.”

“எல்லாத்துக்குமா?”

“அரசாங்க ஆள் கேக்கேக்கை இல்லையெண்டு சொல்லுறதே, பிள்ளை?”

நிரோஷா என்னைப் பார்த்தாள். “மாமா, நீங்களும் பக்கத்திலைதானே நிண்டனீங்கள்?”

“நான் கோப்பி குடிச்சுக்கொண்டு நிண்டனான்” என்றேன். அது உண்மை. சோதனைச்சாவடிகளில் பழகிய வாய் எங்கள் இருவருக்கும். சீருடையைக் கண்டால் முதலில் ஓம், பிறகுதான் கேள்வி என்ன என்ற யோசனை.

“சரி, அது என்னத்துக்கு அந்தப் பொட்டு? எனக்கு விளங்கிற மாதிரிச் சொல்லுங்கோ. நான்தான் அங்கை கதைக்க வேணும்.”

“ஆயுத பூசைக்கு வைக்கிறதுதானே” என்றார் யோகம்.

“அம்மா, அது சூது விளையாடிற மெசின்.”

“எனக்கு மெசின் மெசின்தான். கறன்ட் பில் கட்டக் காசு தருது. வருசத்திலை ஒருநாள் துடைச்சு ஒரு பொட்டு வைச்சால் குறைஞ்சே போவம்?”

“லக்குக்கு வைக்கேல்லையே?”

யோகம் அடுக்கிய பெட்டியை விட்டுவிட்டு நிமிர்ந்தார். “லக்குக்கோ? லக்கு வேணுமெண்டால் லட்சுமியிட்டை எல்லோ கேக்க வேணும். இது சரஸ்வதியின்ரை நாள். சீஸ் வெட்டுற மெசினுக்கு என்னடி லக்கு?”

நிரோஷா கதிரை ஒன்றை இழுத்துப் போட்டு இருந்தாள். பிறகு கைப்பேசியை வெளியே எடுத்து, “எந்தெந்த மெசினுக்கு வைச்சனீங்கள்? ஒண்டு விடாமல் சொல்லுங்கோ” என்றாள். விவரம் தேவையாக இருந்தது அவளுக்கு. சொல்லக் கிடைத்தது தாய்க்கு. அன்று அவள் கார் என்ஜினை நிறுத்திவிட்டுத்தான் வந்திருந்தாள் என்பதையும் நான் கவனித்தேன்.

அதற்குப் பிறகு ஏப்ரல் வரை சனிக்கிழமைகளில் வந்தாள். பிளக் பிடுங்கிய கதையைப் பத்மன் மூன்றாவது சனிக்கிழமைதான் சொன்னார், அதுவும் வேறு பேச்சுக்கு நடுவில். அதில் சொல்ல என்ன இருக்கிறது என்று அவர் நினைத்திருந்தார். நிரோஷா கதிரையை விட்டு எழும்பிவிட்டாள்.

“அப்பா! இதை ஏன் முதலே சொல்லேல்லை?”

“எல்லாரும் செய்யிறதுதானே பிள்ளை.”

“லாசாலிலை ஒருத்தரும் செய்யிறேல்லை அப்பா!”

5

விசாரணை நகர மத்தியில். அங்ரிஞோன் நிலையத்தில் மெற்றோ எடுத்துப் போனோம். பத்மன் கோட் போட்டிருந்தார். யோகம் சேலைக்கு மேலே குளிர்ச்சட்டை. ஜில்லும் வந்தார். நிரோஷாதான் தொலைபேசியில் கூப்பிட்டிருந்தாள். அவர் மெற்றோவில் வாய் திறக்கவில்லை. தன் வாயால் வந்த வினை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

விசாரித்த அதிகாரி கண்ணாடி போட்ட நடுவயதுப் பெண். முதலில் மெசினைப் பற்றிய தொழில்நுட்பம். அது கம்பனியின் வழக்கறிஞரின் பாடு. பத்மன் நிரோஷாவின் காதில், “நான் விளையாடிக் காட்டட்டே? இரண்டாவது ஆட்டத்திலை நான் பிழைக்கிறேல்லை” என்றார். அவள் கேட்டுப் பார்த்தாள். அதிகாரி புன்னகைத்து, ஒருவர் எவ்வளவு நன்றாக விளையாடுகிறார் என்பதை இங்கே தீர்மானிப்பதில்லை என்றார்.

எனக்கு ஊர்த் திருவிழா ஒன்று நினைவுக்கு வந்தது. வளையம் எறியும் கடைக்காரரிடம், இது சூது என்று பொலிஸ்காரர் சட்டம் பேசினார். கடைக்காரர் பேசாமல் மூன்று வளையங்களை எடுத்து எறிந்தார். மூன்றும் சோப்புக் கட்டிகளில் போய் விழுந்தன. பொலிஸ்காரர் ஒரு சோப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த நாட்டில் தீர்ப்பு அப்படிக் கிடைத்தது. இந்த நாட்டில் மூன்று மணி நேரமும், இடையில் தண்ணீர்ப் போத்தலும்.

பிறகு படங்கள். பொட்டின் படத்தைத் திரையில் பெரிதாகக் காட்டினார்கள். நிரோஷா எழுந்து நின்றாள். நான் முடிந்தவரை நினைவில் வைத்து அன்றிரவே எழுதியது இது:

“இது அதிர்ஷ்டத்துக்கான அடையாளமல்ல. வருடத்தில் ஒரு நாள் நாங்கள் வேலைக் கருவிகளுக்கு நன்றி சொல்கிறோம். என் அம்மா கோப்பி மெசினுக்கும் வைத்தார். சீஸ் வெட்டும் மெசினுக்கும், விலை ஒட்டும் கருவிக்கும், கதவு மணிக்கும் வைத்தார்.” கொஞ்சம் நிறுத்தினாள். “அரசாங்கத்தின் லொத்தர் மெசினுக்கும் வைத்தார். அதைப் பரிசோதகர் படம் எடுக்கவில்லை.”

பின்னால் இருந்த யாரோ சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை, ஆனால் எதையோ குறித்தார்.

“அந்த நாளில் கருவிக்கு ஓய்வு. அதனால் அப்பா இந்த மெசினின் மின்சாரத்தைத் துண்டித்தார். அதிர்ஷ்டத்துக்காகப் பூசை செய்திருந்தால், வருடத்தில் மிக நல்ல அந்த நாளில் அல்லவா எல்லோரையும் விளையாட விட்டிருப்பார்?”

அப்போது ஜில் எழும்பினார். அவரை இன்னும் கூப்பிடவில்லை. “உண்மை, அம்மணி. என்னை அன்று விளையாட விடவில்லை. மெசினுக்கு விடுமுறையாம். நான் கோபித்துக்கொண்டு போனேன். தொட்டால் அதிர்ஷ்டம் என்ற கதையை மறுநாள் நானேதான் கட்டினேன். பத்மன் எல்லாவற்றுக்கும் வூய் சொல்லுவான். நான் அவனிடம் உன் கடையை எனக்கு விற்பாயா என்று கேட்டாலும் வூய் என்பான்.”

அதிகாரி பத்மனைப் பார்த்து, “அது உண்மையா?” என்று கேட்டார்.

பத்மன் வாயைத் திறந்தார். நிரோஷா அவர் கையைப் பிடித்தாள். அவர் ஒரு மூச்சு எடுத்து, “தயவு செய்து கேள்வியைத் திருப்பிச் சொல்லுங்கள்” என்றார், பிரெஞ்சில், தவறில்லாமல்.

6

தீர்மானம் மே மாதத்தில் வந்தது. மெசினில் அதிர்ஷ்டமும் திறமையும் கலந்திருக்கின்றன, ஆகவே அது கடையில் நிற்க முடியாது. பத்மன் விரும்பிய வரி வழி அவருக்குத் திறக்கவில்லை. இப்படிப்பட்ட மெசின்களுக்குத் தனி அனுமதியும் வரியும் வைக்கலாமே என்று நான் இன்னும் நினைக்கிறேன். ஆனால் சம்பளம் எடுத்த அன்று அதன் முன்னால் வந்து நின்ற சில முகங்களையும் பார்த்தவன் நான். ஒரேயடியாகச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

பியர் அனுமதி தப்பியது. எச்சரிக்கை மட்டும். கடைக்காரர் நல்லெண்ணத்தோடு நடந்துகொண்டார் என்று இரண்டு வரி.

நிரோஷா அதைக் கடையில் வாசித்து முடித்ததும் யோகம் பியர்க் குளிர்பெட்டியின் கதவைத் திறந்து, உள்ளே பார்த்து, திரும்ப மூடினார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, “தேத்தண்ணி போடட்டே?” என்று கேட்டார்.

மெசினைக் கம்பனி ஆட்கள் கொண்டுபோன இடத்தில் இப்போது ஒரு சூட்டுப்பெட்டி நிற்கிறது. மரக்கறி ரோல்ஸ், மீன் பற்றிஸ். அதற்கு வேறு அனுமதி, வேறு வரி, வேறு பரிசோதகர். நிரோஷாதான் எல்லாம் செய்தாள். சனிக்கிழமைகளில் வருவது நிற்கவில்லை. அவளுடைய அலுவலகத்தில் இருந்தும் ரோல்ஸுக்குச் சொல்லி வைக்கிறார்களாம். ஜில் காலையில் இரண்டு பற்றிஸ் சாப்பிட்டுவிட்டு, இதில் தோற்பதே இல்லை என்கிறார்.

கடை எதனால் தப்பியது என்பதில் ஆளுக்கொரு கருத்து. பிளக்தான் என்கிறாள் நிரோஷா. ஜில் தன் பேச்சுத்தான் என்கிறார். யோகம் மேலே கை காட்டுகிறார். மெசினை ஏற்ற வந்த கம்பனி ஆள் என்னிடம் வேறொன்று சொன்னார்: முதல் தடவை யாருக்கும் எச்சரிக்கைதானாம், நீங்கள் ஒன்றும் பேசாமல் இருந்திருந்தாலும் இதே முடிவுதானாம். நான் விசாரணை நடத்திய அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டேன். தீர்மானத்தில் எழுதியிருப்பதற்கு மேல் விளக்கம் தர இயலாது என்று மரியாதையாகப் பதில் வந்தது. கம்பனி ஆள் சொன்னது சரியா என்பதை என்னால் இதுவரை உறுதிப்படுத்த முடியவில்லை. நிரோஷாவிடம் அதை நான் சொல்லவும் இல்லை.